தீயணைப்பு வண்டிக்கு ஒரு ஓட்டு

2024 நவம்பர் தேர்தலில், லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி தீயணைப்புத் துறையின் எல்லைக்குள் வசிக்கும் வாக்காளர்களுக்குத் தபாலில் வந்த வாக்குச்சீட்டு எளிதில் படித்து முடிக்கக்கூடியதாக இல்லை. டிரம்ப்பா ஹாரிஸா என்பதில் தொடங்கி செனட்டர், நீதிபதிகள், மாநிலம் முழுமைக்குமான பத்து முன்மொழிவுகள் என்று நீண்ட அந்தச் சீட்டில் ‘மெஷர் இ’ என்றொரு கேள்வியும் இருந்தது. தீயணைப்பு வீரர்களையும் பாராமெடிக்குகளையும் வேலைக்கு எடுக்கவும், பழைய வண்டிகளை மாற்றவும், 911 அழைப்புக்கான தகவல் தொடர்பைச் சீராக்கவும், கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு ஆண்டுக்கு 6 சென்ட் வரி போடலாமா என்பதே கேள்வி. ஆண்டுக்கு 15.2 கோடி டாலர் வரும்; வாக்காளர்களே நிறுத்தும்வரை தொடரும்; வருமானம் குறைந்த முதியோருக்கு விலக்கு உண்டு. ஆமா, இல்லையா? கலிஃபோர்னியா சட்டப்படி இவ்வளவையும் 75 சொற்களுக்குள் அடக்க வேண்டும். வரி விகிதம், ஆண்டு வசூல், காலம் மூன்றையும் அதற்குள் சொல்லியாக வேண்டும்.

1,500 சதுர அடி வீட்டுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 90 டாலர். பாதியைச் சற்றே தாண்டிய ஆதரவோடு ‘மெஷர் இ’ தேறியது.

வேடிக்கை என்னவென்றால், இதே துறைக்காக இதே 6 சென்ட் வரியை 2020 மார்ச் மாதமும் மக்களிடம் கேட்டிருந்தார்கள். அப்போது அதன் பெயர் ‘மெஷர் எஃப்டி’. அப்போதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘ஆம்’ என்றார்கள். ஆனாலும் அது தோற்றது. நான்கு ஆண்டுகளில் மக்களின் மனம் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது எத்தனை ஓட்டு வாங்கினால் போதும் என்ற விதி. அமெரிக்காவில் தீயணைப்பு நிலையங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கதையில், மக்களின் மனத்தைவிட இந்த விதிக்கே பெரிய பங்கு.

தமிழ்நாட்டில் தீயணைப்பும் மீட்பும் மாநில அரசின் துறை. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை நிறைவேறினால் அந்த ஆண்டுக்கான நிதி முடிவாகிவிடும். அமெரிக்காவில் அப்படி ஒரே கூரை கிடையாது. நாடு முழுக்க 29,000க்கும் மேற்பட்ட தீயணைப்புத் துறைகள் தனித்தனியாக இயங்குகின்றன. சில மாநகராட்சிக்குச் சொந்தம், சில கவுன்டிக்கு. இன்னும் பல, தீயணைப்புக்கென்றே எல்லை வகுத்து அமைத்த தனி மாவட்டங்கள். அந்த மாவட்டத்துக்கென்று மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம் உண்டு, தனிச் சொத்து வரி உண்டு. 2020 கணக்கின்படி நாட்டிலிருந்த சுமார் 10.4 லட்சம் தீயணைப்பு வீரர்களில் 65 சதவீதம் பேர் தன்னார்வலர்கள். பகலில் வண்டி பழுது பார்ப்பவர், பள்ளிக்கூட ஆசிரியர், விவசாயி. அழைப்பு வந்தால் தலைக்கவசத்தோடு கிளம்புகிறவர்.

1736-ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்ஃபியாவில் தொடங்கியதும் தன்னார்வலர் குழுதான். சம்பளம் வாங்கும் முழுநேரத் துறையை 1853-ல் சின்சினாட்டி நகரம் அமைத்தது. நீராவி இயந்திரம் வந்தபின் பெருங்கூட்டம் நின்று கையால் பம்பு அடிக்க வேண்டிய அவசியம் குறைந்தது. கொஞ்சம் பேர், முறையான பயிற்சி, மாதச் சம்பளம் என்று வேலை மாறியது. சிற்றூர்களில் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலையத்தின் வண்டிக் கொட்டகையில் மேசை போட்டு, பான்கேக் சுட்டு விற்று நிதி திரட்டும் துறைகள் இன்றைக்கும் உண்டு. பான்கேக் விற்ற காசில் குழாய் வாங்கலாம், வண்டி வாங்க முடியாது. புது வண்டி ஒன்றின் விலை இப்போது 10 லட்சம் டாலரைத் தொடுகிறது. ஏணி வண்டி என்றால் 20 லட்சம் வரை போகும். ஆர்டர் கொடுத்துவிட்டு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சொத்து வரி இருக்கிறதே, அதைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றலாம். உயர்த்த முடியாதபடி பூட்டுப் போட்டதும் மக்களின் ஓட்டுதான்.

1970-களில் கலிஃபோர்னியாவில் வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. விலையோடு சொத்து வரியும் ஏறியது. சொந்த வீட்டில் குடியிருக்கும் ஓய்வூதியக்காரர்கள், வீட்டை விற்றால்தான் வரி கட்ட முடியும் என்ற நிலைக்கு வந்தார்கள். ஹோவர்ட் ஜார்விஸ் என்ற முதியவரும் பால் கேன் என்பவரும் கையெழுத்து திரட்டி ‘புரோபொசிஷன் 13’ஐக் கொண்டுவந்தார்கள். 1978 ஜூன் 6 அன்று ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. சொத்தின் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் வரி கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. குறிப்பிட்ட காரியத்துக்கென்று உள்ளாட்சி புதிய வரி போட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும். உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கும் கீழே போனது. விற்பனை வரி, உரிமக் கட்டணம் என்று வேறு வரவு வைத்திருந்த நகரங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. சொத்து வரியை மட்டுமே நம்பியிருந்த தீயணைப்பு மாவட்டங்களுக்கு அந்த வழியும் இல்லை.

மற்ற மாநிலங்களும் விடவில்லை. 1980-ல் மாசசூசெட்ஸ் தன் பங்குக்கு ஓர் உச்சவரம்பை விதித்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் உள்ளாட்சி தன் மொத்தச் சொத்து வரி வசூலை, புதுக் கட்டடங்கள் நீங்கலாக, ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் தானாக உயர்த்த முடியாது. சம்பளமும் டீசலும் மருத்துவக் காப்பீடும் ஆண்டுக்கு 1 சதவீதம் என்ற கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரம்பைத் தூக்கிவிடுங்கள் என்று வாக்காளரிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஓரிகன் மாநிலத்திலோ இப்படிப்பட்ட கூடுதல் வரிக்கு ஐந்தே ஆண்டுகள்தான் ஆயுள். ஓஹையோவில் 1976-லேயே ஒரு சட்டம் வந்தது: வீட்டு மதிப்பு எவ்வளவு ஏறினாலும், மக்கள் ஒப்புக்கொண்ட வரி கிட்டத்தட்ட பழைய தொகையையே ஈட்டித் தரும். அதனால் அங்கே புதுப்பிப்பு வரி, கூடுதல் வரி என்று ஏதோ ஒரு ஊரின் தீயணைப்புத் துறை தேர்தலுக்குத் தேர்தல் சீட்டில் இருக்கும்.

மூன்றில் இரண்டு பங்கு என்ற விதி எப்படிக் கடிக்கும் என்பதைச் சொனோமா கவுன்டி நன்றாக அறியும். 2017 அக்டோபர் 8 இரவு பலத்த காற்றில் பரவிய ‘டப்ஸ்’ தீ, ஆறு வழி நெடுஞ்சாலையைத் தாண்டிக் குதித்து, சான்டா ரோசா நகரின் காஃபி பார்க் குடியிருப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. காட்டோரத்து வீடுகள் அல்ல. சமதளத்தில் வரிசையாகக் கட்டிய நடுத்தரக் குடும்பத்து வீடுகள். அந்தத் தீயில் 22 பேர் இறந்தார்கள். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச்சில், தீயணைப்புக்காக அரை சென்ட் விற்பனை வரி கேட்டு ‘மெஷர் ஜி’ வந்தது. 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் 50 சென்ட் கூடுதல். ஏறத்தாழ 65 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வேண்டியது 66.67. தோற்றது.

இங்கேதான் கஞ்சா வருகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவின் அப்லண்ட் நகரில் கஞ்சாக் கடை திறக்க விரும்பியவர்கள், கடை ஒன்றுக்கு ஆண்டுக்கு 75,000 டாலர் கட்டணம் என்று தாங்களே சட்டம் எழுதி, கையெழுத்து திரட்டி, மக்கள் வாக்கெடுப்புக் கேட்டார்கள். இது வரி, ஆகவே வரிக்கான விதிகளின்படி பொதுத் தேர்தல்வரை காத்திருக்க வேண்டும் என்றது நகர நிர்வாகம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. அரசு கொண்டுவரும் வரிக்கு அரசியல் சட்டம் போட்ட கட்டுப்பாடு, குடிமக்களே கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் வரிக்குப் பொருந்தாது என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. வழக்கு வாக்கெடுப்பை எப்போது நடத்துவது என்பது பற்றியது. ஆனால் அதே தர்க்கம் ஓட்டு எண்ணிக்கைக்கும் பொருந்தும் என்று சான் பிரான்சிஸ்கோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிமக்கள் கேட்டால் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும்.

சொனோமாவில் இம்முறை கவுன்டி வாரியம் கேட்கவில்லை, கையெழுத்து திரட்டினார்கள். 2024 மார்ச்சில் அதே அரை சென்ட் ‘மெஷர் எச்’ என்ற பெயரில் வந்தது. 2020-ஐவிட ஆதரவு குறைந்து 62 சதவீத அளவில்தான் இருந்தது, ஆனால் நிறைவேறியது. ஆண்டுக்கு 6 கோடி டாலர் வரும் வரி அது. லாஸ் ஏஞ்சலஸில் ‘மெஷர் இ’ தேறியதும் இதே வழியில்தான். சொனோமாவில் நூற்றுக்கு 65 பேர் ஆதரித்தும் கிடைக்காதது, 62 பேர் ஆதரித்தபோது கிடைத்தது.

மூன்றில் இரண்டு பங்கு விதி மூன்றில் ஒரு பங்கினரைத் தீர்ப்பு சொல்ல வைக்கிறது. அதை நியாயம் என்று சொல்வது கடினம். அதற்காகக் கையெழுத்து வழி குற்றமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. ‘குடிமக்கள்’ என்ற பெயரில் சட்ட வரைவை எழுதி, கையெழுத்து வாங்க ஆளமர்த்திச் செலவழிப்பது பெரும்பாலும் வரியால் நேரடியாகப் பயன்பெறும் அமைப்புகள். தீயணைப்பு விஷயத்தில் அது வீரர்களின் தொழிற்சங்கம். தன் சம்பளத்துக்கான வரியைத் தானே எழுதிக்கொள்ளும் வாய்ப்பு மற்ற அரசு ஊழியர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஹோவர்ட் ஜார்விஸ் பெயரில் இயங்கும் வரி செலுத்துவோர் சங்கம் சேர்ந்து ஆதரித்த ஒரு முன்மொழிவு இந்த வழியை அடைக்கப் பார்த்தது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தேர்தல் சீட்டிலிருந்தே நீக்கிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முயற்சி நடந்தது. வீட்டு வசதிக்கும், தீயணைப்பு நிலையம் உள்ளிட்ட கட்டமைப்புக்கும் உள்ளாட்சிகள் கடன் பத்திரம் வெளியிட 55 சதவீத ஆதரவு போதும் என்று சொன்ன ‘புரோபொசிஷன் 5’, ‘மெஷர் இ’ இருந்த அதே 2024 நவம்பர் சீட்டில் இருந்தது. மாநில வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். தீயணைப்புக்குப் பணம் தர மனமுண்டு, பூட்டைத் தளர்த்த மனமில்லை.

பிரசாரம் எப்படி நடக்கிறது என்பதும் பார்க்கத்தக்கது. பொதுப் பணத்தில் ஒரு பக்கத்துக்கு ஓட்டுக் கேட்கக் கூடாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. துறைத் தலைவர் கூட்டத்துக்கு வந்து, எத்தனை வண்டி ஓடுகிறது, எத்தனை நிமிடத்தில் வருகிறோம், வரி தேறாவிட்டால் எந்த நிலையம் மூடப்படும் என்று விவரம் சொல்லலாம். ‘ஆதரியுங்கள்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் சிக்கல். அந்தச் சொல்லை ஓய்வு நாளில் சங்கத்தின் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகும் வீரர்கள் சொல்வார்கள். காப்பீட்டுக் கணக்கும் பேச்சில் வரும். ஒவ்வொரு துறைக்கும் 1 முதல் 10 வரை தரம் போடும் ஐஎஸ்ஓ என்ற நிறுவனம் இருக்கிறது, 1 நல்லது. தரம் இறங்கினால் பல காப்பீட்டு நிறுவனங்கள் வீட்டுக் காப்பீட்டின் பிரீமியத்தை ஏற்றும். 90 டாலர் வரியை மிச்சம் பிடித்து அதற்கு மேல் பிரீமியம் கட்டப்போகிறீர்களா என்று கேட்பது வலுவான வாதம்தான்.

எதிர்ப்பவர்களின் கையிலும் சரக்கு இருக்கிறது. 2000 வாக்கில் கலிஃபோர்னியாவின் பல ஊர்கள் தீயணைப்பு வீரர்களுக்கு ‘50 வயதில் 3 சதவீதம்’ என்ற ஓய்வூதியத்தை அள்ளிக் கொடுத்தன. 30 ஆண்டுகள் வேலை பார்த்தவர் சம்பளத்தின் 90 சதவீதத்தை ஓய்வூதியமாக வாங்கலாம். 2013 முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது குறைக்கப்பட்டது. பழைய கடன் தீரவில்லை. புது வரி வண்டிக்குப் போகுமா, பழைய ஓய்வூதியக் கடனுக்குப் போகுமா என்று கேட்பவரைக் கஞ்சர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவநம்பிக்கைக்கு முன்கதையும் உண்டு. 1993 அக்டோபர் இறுதியில் லகுனா பீச்சில் நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அதே நாளில் ஆல்டடீனாவின் மலையோரத்திலும் தீ. அந்தப் புகை அடங்குவதற்குள், நவம்பர் 2 அன்று, பொதுப் பாதுகாப்புக்காக அரை சென்ட் விற்பனை வரி கேட்ட ‘புரோபொசிஷன் 172’க்கு மாநிலம் ஆதரவளித்தது. ஆனால் பணத்தைப் பங்கிடும் பொறுப்பு கவுன்டிகளிடம் போனது. பெரும்பங்கு ஷெரிஃப் அலுவலகங்களுக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களுக்கும் போய்விட்டது. பல கவுன்டிகளில் தீயணைப்புக்குக் கிடைத்தது சொற்பம்.

அதே ஆல்டடீனாவை 2025 ஜனவரி 7 அன்று மூண்ட ‘ஈட்டன்’ தீ மீண்டும் தேடி வந்தது. 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அங்கே பணியாற்றுவது, இரண்டே மாதங்களுக்கு முன் ‘மெஷர் இ’ வென்ற கவுன்டி தீயணைப்புத் துறைதான். வரிப் பணம் வரத் தொடங்கியிருக்கவில்லை. வந்திருந்தால் ஊர் தப்பியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. அன்றிரவு அடித்த காற்றில் தீயணைப்பு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறக்கவே முடியவில்லை.

ஓட்டும் கேட்காமல் வரியும் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்னசி மாநிலத்தின் ஓபியன் கவுன்டி ஓர் உதாரணம். 2010-ல் கவுன்டிக்கென்று தீயணைப்புத் துறை இல்லை. அருகிலுள்ள சவுத் ஃபுல்டன் நகரத்தின் துறை, எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா கட்டினால் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சந்தா கட்டாத ஒருவரின் வீடு பற்றிக்கொண்டது. எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று தொலைபேசியில் கெஞ்சியும் வண்டி வரவில்லை. தீ பக்கத்து நிலத்துக்குத் தாவியபோது வந்தது, ஏனென்றால் அந்த நிலத்துக்காரர் சந்தா கட்டியிருந்தார். நிலத்து நெருப்பை அணைத்தார்கள். வீடு எரிந்து முடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குள் இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்தன. அடுத்த ஆண்டே இன்னொரு வீட்டுக்கும் இதே கதி. நாடே கொதித்த பிறகு, சந்தா கட்டாதவர் வீட்டுக்கும் வருவோம், ஆனால் 3,500 டாலர் கட்டணம் என்று நகரம் விதியை மாற்றிக்கொண்டது.

தீயணைப்புத் துறை என்று பெயர் இருந்தாலும் தீ அவர்கள் வேலையில் சிறு பகுதிதான். 2020-ல் வந்த 3.6 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகளில் உண்மையான தீ சுமார் 4 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவை மருத்துவ அழைப்புகள்: நெஞ்சுவலி, கீழே விழுந்த பாட்டி, மூச்சுத் திணறும் குழந்தை. இதில் கொடுமை, ஆம்புலன்ஸ் சேவையை அத்தியாவசியச் சேவை என்று பல மாநிலங்களின் சட்டம் இன்னும் சொல்லவில்லை. காவல் துறை இருந்தே ஆக வேண்டும், ஆம்புலன்ஸ் இருந்தால் இருக்கட்டும் என்ற நிலை. அயோவா மாநிலம் 2021-ல் ஒரு வழி திறந்தது. கவுன்டி தன் எல்லைக்குள் அவசர மருத்துவத்தை அத்தியாவசியம் என்று அறிவித்து, அதற்கு வரி கேட்டு மக்களிடம் போகலாம். 60 சதவீதம் வேண்டும். மாற்று ஆள் இல்லாமல் தன்னார்வலர்கள் வயதாகி ஓயும் விவசாயக் கவுன்டிகளில் அந்த 60-ஐத் தேடி அலைகிறார்கள்.

மருத்துவ அழைப்புக்கு மக்களிடமே கேட்டு வாங்கி அதை நிலைநிறுத்திக் காட்டியது சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டி. 1970-ல் டாக்டர் லெனர்ட் காப், தீயணைப்புத் தலைவர் கார்டன் விக்கரி இருவரும் தீயணைப்பு வீரர்களுக்கு இதய சிகிச்சைப் பயிற்சி கொடுத்து ‘மெடிக் ஒன்’ சேவையைத் தொடங்கினார்கள். முதல் வண்டி, குடும்பங்கள் சுற்றுலா போகும் வின்னபேகோ மோட்டார் வீடு. ஹார்பர்வியூ மருத்துவமனை வாசலில் நின்ற அந்தப் பருத்த வண்டிக்கு வீரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘மோபி பிக்’. சோதனைக்கு மத்திய அரசு கொடுத்த மானியம் தீர்ந்தபோது ஊர் மக்கள் நன்கொடை திரட்டினார்கள். 1979-ல் கவுன்டி முழுவதற்குமான தனி வரிக்கு முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள். கண்முன்னே இதயத் துடிப்பு நின்று விழுந்தவர்களைப் பிழைக்க வைப்பதில் இந்தக் கவுன்டி பல ஆண்டுகளாக அமெரிக்காவின் முன்வரிசையில் இருக்கிறது.

அங்கேயும் ஒருமுறை சறுக்கியது. 1997-ல் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரித்தும் சட்டம் கேட்ட 60 சதவீதம் கிடைக்கவில்லை. பதறிப்போய் அடுத்த சில மாதங்களில், 1998-ல், மறுபடி கேட்டு வாங்கினார்கள். பின்னர் 2018-ல், ஏற்கெனவே உள்ள வரியைப் புதுப்பிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு போதும் என்று மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. இருபது ஆண்டுகள் தாமதம் என்றாலும் சரியான திருத்தம். இருப்பதை நிறுத்தப் பெரும்பான்மை வேண்டும் என்பதுதான் பொது அறிவுக்கு உகந்தது.

இந்தக் கவுன்டியின் பெல்வியூ, ரெட்மண்ட் பகுதிகளில் மென்பொருள் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. ஹெச்-1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருந்துகொண்டு வீடு வாங்கியவர் இந்த வரியைக் கட்டுகிறார். ஓட்டுப் போட முடியாது. குடியுரிமை உள்ளவர் வாடகை வீட்டில் இருந்தாலும் ஓட்டுப் போடலாம். கட்டுபவரும் முடிவெடுப்பவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை என்பது இந்த முறையின் பேசப்படாத இடுக்குகளில் ஒன்று.

2025 நவம்பரில் கிங் கவுன்டி வாக்காளர்கள் ‘மெடிக் ஒன்’ வரியை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 1,000 டாலர் மதிப்புக்கு 25 சென்ட். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 டாலர். அந்த அனுமதி 2031 இறுதியோடு முடிகிறது. சேவை தொடர வேண்டுமானால் அதற்குள் மறுபடியும் ஓட்டுக் கேட்டாக வேண்டும்.